கதவு வைத்த சின்ன வண்டி

சில மாதங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஷெட்டில் புது மெஷினுக்குப் பூஜை போடுகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிற ஷெட் அது. இப்போது அங்கே வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்து ஊர் சுற்றுகிற வண்டிகளைச் செய்கிறார்கள். டிசைன் பார்க்கிற பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வர்ற கஸ்டமரெல்லாம் ஒரே கேள்விதான் கேக்கறாங்க மேடம். சின்ன வேனா எடுக்கறதா, பெரிய பஸ்ஸா எடுக்கறதான்னு. நீங்க அந்தக் காலத்துலயே ஒண்ணு செஞ்சிருக்கீங்களாமே?"

செய்தோம். ஒன்றே ஒன்று. அங்கே சாம்பார் சாதத்தட்டை வைத்துக்கொண்டு அவளிடம் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஷெட்டின் டிரிம்மிங் செக்ஷனில் சேர்ந்தேன். வண்டிக்கு சீட், கூரையின் உள்துணி, திரைச்சீலை, தரை விரிப்பு, இதெல்லாம் எங்கள் வேலை. அதுவரை வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் நான். ரெக்ஸின் தைக்கிற மெஷின் முதல் வாரமே என் விரலைக் கடித்தது. அப்புறம் பழகிவிட்டது. இரும்பும் வெல்டிங்கும் ஆண்கள் பக்கம், தையல் எங்கள் பக்கம். பெண்கள் நாங்கள் மூன்றே பேர்.

எல்லோருக்கும் மேலே பரசுராமன் மேஸ்திரி. பாடிக்காரர். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைப்பார், அவ்வளவுதான். அதைப் பார்த்தாலே வெல்டிங் பக்கம் சத்தம் அடங்கிவிடும். காகிதத்தில் வரைந்த பிளானை அவர் நம்பமாட்டார். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் செய்தோம். வேலை முடிந்ததும் அவரே ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "தூக்கி உள்ள போடு, எஸ்டேட்டை ஒரு சுத்து சுத்திகினு வா" என்றார். அந்த ரோட்டில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. திரும்பி வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது. என்னைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினார்.

"இங்க ஃபோம் வையி மரகதம். உள்ள படுத்துகினு கீறவன் வாயத் தொறந்து சொல்ல மாட்டான்."

அவரிடம் நான் வேலை பார்த்த காலமெல்லாம் இப்படித்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சண்முகவேல் சார் வந்தார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அப்போதுதான் பட்டாபிராமில் வீட்டுக்குக் குடிவந்திருந்தார். கூடவே அவர் மகன் ராஜன், துபாயிலிருந்து லீவில் வந்தவன். கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. அதில் வீடு மாதிரியே ஒரு பஸ்ஸின் படம். கட்டில், சமையலறை, ஷவர், எல்லாம் இருந்தது.

"இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு தரணும். எம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இமயமலை வரைக்கும் போணும்" என்றார் சார்.

மேஸ்திரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரயிலு கீதே சார்? லாட்ஜு கீது."

"அவளுக்கு அது சரிப்பட்டு வராது" என்றார் சார்.

ராஜன் பெரிய பஸ்தான் வேண்டும் என்றான். லீவில் வந்தால் தன் குடும்பமும் கூடப் போகலாமே என்று அவனுக்கு. சாருக்கோ, சின்ன வேனாக இருந்தால் தானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஓர் ஆசை. அப்பாவும் பிள்ளையும் எங்கள் முன்னாலேயே வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். மேஸ்திரி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "போறவங்க யாரு? அந்தம்மாவ இட்டுகினு வாங்க. ரெண்டு வண்டியும் காட்டறேன்" என்றார்.

அடுத்த வாரம் கோமதியம்மாவை அழைத்து வந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய, சிவந்த, மெலிந்த பெண்மணி. அடர்ந்த நிறத்தில் சேலை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவர் சுற்றும் முற்றும் எதையோ தேடினார். எதை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மேஸ்திரி காலையிலேயே ஷெட் தரையைக் கழுவிக் காயவைத்திருந்தார். நூலில் காவிப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் தரையில் நேர்கோடு விழும். அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டிகள். இடதுபக்கம் பஸ், வலதுபக்கம் வேன். இரண்டும் நிஜ அளவு. சக்கரம் உள்ளே முட்டிக்கொண்டு வரும் இடத்தில் மரப்பெட்டி. கூரை உயரத்தைக் காட்ட, தூணுக்குத் தூண் கயிறு. வேன் பக்கத்துக் கயிறு தாழ்ந்து இருந்தது. கட்டில் இருக்கும் இடத்தில் பெஞ்சு, அடுப்பு இருக்கும் இடத்தில் ஸ்டூல். கதவு வரும் இடத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டிருந்தார். கோட்டைத் தாண்டி யாராவது காலை வைத்தால், "சுவத்த இடிச்சிகினு போறியே" என்பார்.

"ஏறுங்கம்மா" என்றார். கோமதியம்மா சிரித்துக்கொண்டே இல்லாத படியில் கால் வைத்து பஸ்ஸுக்குள் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். அடுப்புப் பக்கம் போய் நின்றார். கடைசியில், பாத்ரூம் என்று குறித்திருந்த கட்டத்துக்குள் போய் நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"பாத்தீங்களாப்பா? அம்மாவுக்குப் பெருசுதான் பிடிச்சிருக்கு" என்றான் ராஜன்.

மேஸ்திரி கேட்டார்: "இத யாரு ஓட்டப் போறாங்க? சாரு கையில கார் ஓட்டற லைசன்ஸுதான கீது. இதுக்கு ஹெவி லைசன்ஸுக்காரன் வோணும். தொணைக்கு ஒரு கிளீனரு. ராவுல அவனுங்க எங்க படுப்பானுங்க?"

"முன்னாடி சீட்லயே படுத்துக்குவாங்க" என்றான் ராஜன்.

கோமதியம்மா அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வந்தார். கோட்டைப் பார்க்காமல், சுவர் வரும் இடத்தின் மேலேயே நடந்து வந்து தூண் ஓரமாக நின்றுகொண்டார். மேஸ்திரி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வேனுக்குள் கூப்பிட்டபோது, "அவுக எது சொன்னாலும் சரிதான்" என்று இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து காதோடு கேட்டார்.

"பொம்பளையாளுக போறதுக்கு இடம் எங்க இருக்கு?"

எங்கள் ஷெட்டில் பெண்களுக்கென்று தனியாக இல்லை. இரண்டு கட்டடம் தள்ளி ஒரு நூல் கம்பெனி. அவர்கள் கக்கூஸைத்தான் நாங்களும் சொல்லிவைத்துப் பயன்படுத்தி வந்தோம். கூட்டிக்கொண்டு போனேன். வேகமாக நடந்தவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சேலை நனைந்து, கீழே சிமெண்ட்டில் ஈரம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

நூல் கம்பெனிக் காவலாளிக்குத் தெரியாமல் அவரை என் பின்னால் மறைத்துக் கூட்டிப்போனேன். வேலைக்காக மேலே போட்டுக்கொள்கிற நீலக்கோட்டுக்குள் நான் சேலைதான் கட்டியிருந்தேன். மாற்றுச் சேலை ஒன்று எப்போதும் என் அலமாரியில் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, முகம் தெரியாததாலோ என்னவோ, பேச ஆரம்பித்தார்.

"ராஜனுக்குப் பெறகு ஒண்ணு வயித்துலயே போயிருச்சும்மா. அப்பப் பிடிச்சே இப்பிடித்தான். கர்ப்பப்பை கீழ எறங்கிக்கிடக்கு. குத்தவச்சா வெளிய வந்துரும். அடக்கவும் முடியாது."

"டாக்டராண்ட காட்டலியாக்கா?"

"எப்பிடிக் காட்டுவேன்? வெக்கக்கேடு."

கதவைத் திறந்து வந்தார். நனைந்த சேலையைச் சுருட்டி வைத்திருந்தார்.

"எங்கம்மா செத்தப்போ நான் போகல. எக்மோர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயிலு பெட்டியில அம்புட்டுக் கூட்டம். பிளாட்பாரத்துலயே இந்த மாதிரி ஆயிருச்சு. திரும்பி வந்துட்டோம். எனக்குக் காச்சல்னு அவுகதான் எல்லார்ட்டயும் சொன்னாக. பெத்த தாயி மொகத்தக் கடைசியாப் பாக்க வராதவன்னு எங்க அக்கா அதோட என்கூடப் பேசுறதில்ல. அவுகளத்தான் எல்லாரும் ஏசுனாக, பொண்டாட்டிய அனுப்பாதவன்னு. அதையும் வாங்கிக்கிட்டாக."

அப்போதுதான் சண்முகவேல் சார் ஏன் வண்டி கேட்கிறார் என்று விளங்கியது. வேற்று ஆம்பளை இரண்டு பேர் கூடவே வருகிற பஸ்ஸில் இந்தப் பெண்மணி ஒரு நாளும் ஏறமாட்டார். சின்ன வேனில் கணவன் மட்டும் போதும். ஆனால் மேஸ்திரி தரையில் போட்ட வேனில் பாத்ரூமுக்கு ஒரு திரைதான். திரைக்குப் பின்னால் அவர் நிம்மதியாக உட்காரமாட்டார்.

மாலையில் எல்லோரும் போன பிறகு மேஸ்திரியிடம் போனேன்.

"சின்ன வண்டியே போடலாம் மேஸ்திரி. ஆனா உள்ள ஒரு ரூமு வோணும். கதவு, தாப்பாளு, எல்லாம் வச்ச ரூமு. வேன்ல மீதி இன்னா போனாலும் சரி."

"ரூமு போட்டா ஒரு கட்டில் போவும். அடுப்பு போவும். இன்னாத்துக்கு?"

"அது மட்டும் கேக்காதீங்க."

கண்ணாடியைக் கழற்றினார். மடித்துப் பைக்குள் போடுவார் என்று நினைத்தேன். வேட்டி நுனியால் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அகலம் எவ்ளோ வோணும்?" என்றார்.

சண்முகவேல் சாரிடம் சொன்னபோது எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ராஜன்தான் விடவில்லை. "கட்டில் ஒண்ணுதான் இருக்குமா? அப்பா எங்க படுப்பாரு? இதுக்கு எதுக்கு வண்டி?"

"நைட் ஷிப்டுல மெஷின் பக்கத்துல உக்காந்தே தூங்குனவன்டா நான். முன் சீட்டு எனக்கு மெத்தை மாதிரி. நீ சும்மா கெட" என்றார் சார். ராஜனுக்குக் காரணம் தெரியாது. கோபித்துக்கொண்டு பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். அவனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதியம்மாவை வரச்சொன்னேன். ஷெட்டில் ஆண்கள் யாரும் இல்லை. மேஸ்திரி வந்து கேட்டைத் திறந்துவிட்டு, வெளியே ஸ்டூலைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார்.

குத்தவைக்கக் கூடாது என்பதால் நாற்காலி உயரத்தில் உட்காருகிற மாதிரி வேண்டும். ஒரு பெட்டியின் மேல் பிளைவுட் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவரை உட்காரவைத்தேன். "இது?" "கொஞ்சம் தாழ." ஒன்றை எடுத்தேன். "இப்போ?" கால் தரையில் பதிய, முதுகு நிமிர, "இது சரியா இருக்கு" என்றார். எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் சாக்பீஸால் குறித்தேன். கைப்பிடி அங்கே. துணி மாற்ற, கழுவ, தண்ணீர்க் குழாய் இடதுபக்கம். காற்றுக்கு ஒரு ஜன்னல், வெளியே இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில். சேலையை உதறிக் கட்ட முழங்கை இடிக்காத அகலம். அதற்காக வேனின் கூரையை வெட்டி உயர்த்தவேண்டி வந்தது.

எல்லாம் முடிந்த பிறகும் அவர் தயங்கிக்கொண்டு நின்றார்.

"சத்தம் வெளிய கேக்குமோ?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் கம்பளித்துணி வைத்து, உள்பக்கம் ஃபோமும் ரெக்ஸினும் தைத்தேன். கதவு விளிம்பில் சுற்றிலும் ரப்பர். சீட் தைப்பது போலத்தான். ஆனால் நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து எந்த சீட்டும் தைத்ததில்லை. முடிந்ததும் நான் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டு சொம்பிலிருந்து வாளியில் தண்ணீர் ஊற்றினேன். அவர் வெளியே நின்று காதை வைத்துக் கேட்டார். பிறகு அவர் உள்ளே, நான் வெளியே. கதவைத் திறந்து வந்து, "கேக்கல, என்னம்மா? நெசம்மாவே கேக்கல?" என்றார். நிஜமாகவே கேட்கவில்லை.

கழிவுக்கான தொட்டியைப் பக்கத்து ஷெட்டில் ஃபைபரில் செய்து வாங்கினோம். அடுப்பைப் பின்கதவில் மடக்குப் பலகையாக மாட்டினார் மேஸ்திரி. திறந்தால் வெளியே நின்று சமைக்கலாம். முன் சீட்டின் சாய்வைப் பின்னால் மடித்தால் சார் காலை நீட்டிப் படுக்கலாம். எல்லாம் அந்தச் சின்ன வண்டிக்குள்.

சோதனை ஓட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை தாண்டி, பெங்களூர் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தோம். கோமதியம்மா ஜன்னல் பக்கம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெகுதூரம் போன பிறகு, "நிறுத்துங்க" என்றார். சார் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, இறங்கிப்போய் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாடு ஓட்டிக்கொண்டு ஓர் ஆள் எங்களைக் கடந்து போனான். தாழ்ப்பாள் விழுந்தது மட்டும் எனக்குக் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்" என்றார்.

சார் வண்டியைத் திருப்பப் போனார்.

"ஏன் திரும்புறீக? இன்னுங் கொஞ்சம் போங்க."

அன்று ஊர் திரும்ப இருட்டிவிட்டது.

அவர்கள் இமயமலைக்குப் போகவில்லை. முதலில் சங்கரன்கோவிலுக்குப் போனார்கள். அங்கே நடந்ததைக் கோமதியம்மாவே பிறகு எனக்குச் சொன்னார். அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு வந்த? அம்மா இருக்காளா பாக்க?" என்றிருக்கிறார். இவர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றி, அந்த ரூம் கதவைத் திறந்து காட்டினாராம்.

"அக்கா பாத்தா. அந்த ஒசந்த சீட்டப் பாத்தா. கைப்பிடியப் பாத்தா. உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. சத்தமே இல்ல. வெளிய நின்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. கதவத் தட்டுனா, கண்ணெல்லாம் செவந்து வாரா. 'ஏட்டி, ஒனக்குமா?'ன்னு கேட்டா."

அக்காவுக்கும் அதே கஷ்டம் இருந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னாலேயே திருநெல்வேலியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டி, ஆபரேஷன் செய்துகொண்டு, சரியாகிவிட்டது. வெட்கப்பட்டு அவரும் யாரிடமும் சொல்லவில்லை, தங்கைக்குக்கூட எழுதவில்லை.

"அம்மா எழவுக்கு நான் வரலன்னு ஏசினவ, ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ சொல்லியிருப்பா. ரெண்டு பேரும் வண்டிக்குள்ளயே உக்காந்து அழுதோம். அவுகளும் மச்சானும் வெளிய நிக்காக, எதுக்கு அழுறோம்னு தெரியாம."

மறுநாளே அக்கா அந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். எங்கும் போக முடியாத தங்கையை அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுதான்.

மழைக்காலம் முடிந்த சமயம், அந்த வேன் திரும்ப எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றது. சார் இறங்குவதற்குள் கோமதியம்மா முன் சீட்டிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி வந்தார். கொஞ்சம் சதை பிடித்திருந்தார். வெளிர்மஞ்சளில் சேலை கட்டியிருந்தார்.

"மரகதம், அந்த ரூம எடுத்துருங்க" என்றார்.

மேஸ்திரி அருகில் வந்தார். "இன்னாம்மா, வேல சரியில்லியா? கதவு எதுனா மக்கர் பண்ணுதா?"

"வேல ரொம்ப நல்லா இருந்துச்சு மேஸ்திரி. இனி எனக்கு வேண்டாம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "மரகதம் போட்டது, மரகதமே பிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மற்ற ஆட்களை வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டார்.

கைப்பிடியை முதலில் கழற்றினேன். அப்புறம் ரப்பர். அப்புறம் ரெக்ஸினைக் கீறினேன். தைத்த கைக்கு அதைக் கீற மனசு வரவில்லை. கோமதியம்மா வெளியே போய் உட்கார மாட்டேன் என்று கூடவே நின்று, நான் கொடுக்கக் கொடுக்கப் பலகைகளை வாங்கி வெளியே அடுக்கினார். கடைசிப் பலகை வந்ததும் பின் ஜன்னல் வெளிச்சம் முன்சீட்டு வரைக்கும் வந்தது. அந்தக் காலி இடத்தில் ஏறி நின்று இரண்டு கையையும் நீட்டி அளந்து பார்த்தார்.

"இதுல ஒரு கட்டில் வருமா? அக்காவும் எங்ககூட வாரா. ஒசரமான பொம்பள, காலு நீட்டணும்."

வரும் என்றேன். சாக்பீஸை எடுத்தேன்.

"எங்க போறீங்கக்கா?"

"அவுக இமயமலைங்காக. அக்கா காசிங்கா. ரெண்டு பேரும் வழியெல்லாம் சண்டை" என்று சொல்லி, சங்கரன்கோவில்காரி சிரித்த சிரிப்பில் வெல்டிங் பக்கத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிப்பை நிறுத்தவில்லை.